பழைய மரப்படகுக்கு ஃபைபர் போர்த்தலாமா?

கேள்வி, 2021 பிப்ரவரி 9

நியூசிலாந்தில் 34 அடி மரப்படகு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 1961இல் கட்டியது. தண்ணீரில் விட்டால் கசிகிறது, தினமும் மூன்று தடவை பம்ப் அடிக்க வேண்டியிருக்கிறது. விற்றவர், "வெளியே முழுக்க ஃபைபர்கிளாஸ் போர்த்திவிடுங்கள், இரண்டே வாரம், தொல்லை தீர்ந்தது" என்கிறார். இரண்டு மூன்று வருடத்தில் பசிபிக் தீவு நாடான டோங்கா வரை போக ஆசை. போர்த்தலாமா?

2021 பிப்ரவரி 10

போர்த்தாதீர்கள்.

உங்கள் படகு பலகைக்குப் பலகை விளிம்பு சேர்த்துக் கட்டியது. அந்தப் பலகைகள் தண்ணீரில் ஊறி உப்பும். உப்பி ஒன்றையொன்று நெருக்கும்போதுதான் இடுக்கு அடைபடும். கரையேற்றினால் காய்ந்து சுருங்கும். வருடா வருடம் இது நடந்துகொண்டே இருக்கும். ஃபைபர் அதற்கு ஈடு கொடுக்காது. பாலியெஸ்டர் பிசின் மரத்தைச் சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது. எங்காவது ஓர் இடத்தில் பிளக்கும், அந்த வழியாகத் தண்ணீர் போய் மரத்துக்கும் ஃபைபருக்கும் நடுவில் தங்கும். வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே இற்றுக்கொண்டிருக்கும்.

என்னுடையது 36 அடி, 1964இல் கட்டியது, இரண்டு பாய்மரம். ஒன்றேகால் அங்குலக் கௌரி மரப் பலகை, செம்பு ஆணி. 2018இல் வாங்கினேன், ஃபாங்காரெயில் ஒரு யார்டில் கரையேற்றி வைத்திருக்கிறேன். எனக்கு முன்பு வைத்திருந்தவர்களில் யாரோ அடிப்பக்கம் நான்கு பலகைக்கு ஃபைபர் போர்த்தியிருந்தார்கள். ஓரத்தில் உளியைக் கொடுத்து நெம்பினேன், வெயிலில் கருகிய தோல் உரிகிற மாதிரி முழங்கை நீளத்துக்கு ஒரே வீச்சில் வந்துவிட்டது. பின்னால் பழுப்புத் தண்ணீர் ஒழுகியது, காளான் வாசனை. அந்த நான்கு பலகையையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு அடுத்த பலகை ஐம்பது வருடத்துக்கு மேல் உப்புத் தண்ணீரில் நேராகவே ஊறியது. அதில் உளி இறங்கவே இல்லை.

பழைய கலப்பத்து, அதாவது இடுக்குகளில் அடைத்த பருத்தி, முழுவதையும் கிளறி எடுத்துவிட்டு, புதுப் பருத்தித் திரி அடித்து, மக்கு வைத்து, பெயின்ட் அடியுங்கள். மரப்படகுக்கு அதுதான் வைத்தியம்.

2021 பிப்ரவரி 11

ஆக்லாந்தில் ஃபைபர் போர்த்திய நூறு வயதுப் படகுகள் நன்றாகத்தானே ஓடுகின்றன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓடுகின்றன, நேற்று அதை விட்டுவிட்டேன். லோகன் சகோதரர்கள், பெய்லி குடும்பத்தார் போன்றவர்கள் கட்டிய பல படகுகள் மூன்றடுக்கு. உள் அடுக்கு இரண்டும் எதிரெதிராகச் சாய்வாகப் போகும், வெளி அடுக்கு நீளவாக்கில் போகும். ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் மரம் அதிகம் அசையாது, அதன் மேல் ஃபைபர் துணியும் எபாக்சிப் பிசினும் நிற்கும். உங்கள் படகுக்குள் இறங்கிப் பாருங்கள். வரிசையாக வங்குக் கால்கள், அதாவது படகின் விலா எலும்புகள், அவற்றின் பின்னால் நீளமாக ஒற்றைப் பலகை என்று இருந்தால் நேற்று எழுதியதுதான் பொருந்தும்.

2021 பிப்ரவரி 28

எல்லோரும் அடியில் கசிவதைப் பற்றியே கேட்கிறீர்கள். மேலே பாருங்கள். மரத்தை உளுக்க வைப்பது மழைத்தண்ணீர். கடல் தண்ணீரின் உப்பு, மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு ஆகாது. டெக்கில் ஒரு சின்ன இடுக்கு, ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலை, பாய்மரம் டெக்கைத் துளைத்து இறங்கும் இடம், இங்கெல்லாம் மழை சொட்டி, காற்றுப் போகாத மூலையில் தேங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் உளுப்பு பிடிக்கலாம்.

மழை பெய்த மறுநாள் காலையில் டார்ச்சோடு உள்ளே போங்கள். சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் கணீரென்று பேசும், உளுத்தது டொப்பென்று அடங்கும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்தேகமான இடத்தில் பேனாக்கத்தியின் முனையை வைத்து அழுத்துங்கள். எனக்குப் பின்பக்க இடது மூலையில், டெக்கைத் தாங்கும் சட்டத்தில், கத்தி பிடிவரை இறங்கியது. பெயின்ட் மட்டும் சட்டம் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

2021 மார்ச் 3

கௌரி என்றால் என்ன மரம் என்று கேட்டவருக்கு: மாவோரிப் பெயர். வடக்குத் தீவின் வடபாதியில் வளர்வது. அடியிலிருந்து நெடுந்தூரத்துக்குக் கிளையே இல்லாமல் போகும், அதனால் கணு இல்லாத நீளப் பலகை கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெட்டித் தீர்த்தார்கள். மிச்சமிருந்ததில் பெரிய காடு வைப்போவா, அதை 1952இல் காப்பகமாக்கினார்கள். இப்போது எனக்குக் கிடைப்பதெல்லாம் பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்தரமும் தரைப்பலகையும்தான். ஆணி ஓட்டைகளுக்கு நடுவே தேடித்தேடி அறுத்தெடுக்க வேண்டும். தூத்துக்குடியில் அம்மாவிடம் போனில் மரத்தின் பெயரைச் சொன்னதும், "கௌரியா? பிறகென்ன, நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்" என்றாள்.

2021 ஜூன் 6

இன்று ஏரா போல்ட் ஒன்றை உருவினோம். ஏரா என்பது அடியில் ஓடும் முதுகெலும்பு மரம். எடைக்காக அதன் கீழே இரும்புக் கட்டி தொங்குகிறது, அதைப் பிடித்திருப்பவை ஒன்பது இரும்பு போல்ட்டுகள். வாங்குவதற்கு முன் பார்வையிட வந்தவர் மேலே நட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு "திடமாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்திருந்தார். நானும் மூன்று வருடம் அதை நம்பினேன்.

ஜாக்கி வைத்து, இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி, கடைசியில் முனகிக்கொண்டு வெளியே வந்தது. தலையில் ஒரு அங்குலக் கனம், முனையிலும் ஒரு அங்குலம். நடுவில், மரமும் இரும்புக் கட்டியும் சந்திக்கிற இடத்தில், பென்சில் கனம். ஈரம் நின்று அரித்த இடம் அது. கையில் வைத்து வளைத்தேன், ஒடிந்துவிட்டது.

டோங்காவுக்குப் போகும் வழியில் இந்த ஒன்பதும் ஒடிந்திருந்தால் மூன்று டன் இரும்பு கீழே போயிருக்கும், படகு கவிழ்ந்திருக்கும். பாய், பெயின்ட், சோலார் பேனல் எல்லாம் அப்புறம். முதல் செலவு ஒரு போல்ட்டை உருவிப் பார்ப்பது. எக்ஸ்ரே எடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் கையில் பிடித்துப் பார்ப்பதற்கு ஈடில்லை.

அரிக்காமல் இருக்க வெளியே துத்தநாகக் கட்டி தாராளமாகப் போடுங்கள். எல்லா உலோகத்தையும் ஒரே வயரில் இணைத்துவிடுங்கள்.

2021 செப்டம்பர் 19

ஜூன் 6இல் கடைசிப் பத்தி தப்பு. யாராவது அதைப் படித்துச் செய்திருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஊரடங்கில் ஆக்லாந்து வீட்டிலேயே அடைந்துகிடக்கிறோம், யார்டுக்குப் போக வழியில்லை. பழைய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள வெண்கலக் குழாய் வாய்களைச் சுற்றி உள்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. அதை உப்பு என்றே நினைத்திருந்தேன். அது காரம். துத்தநாகம் அளவுக்கு மீறினால், பாதுகாக்கப்படும் உலோகத்தைச் சுற்றிக் காரம் சேரும். அது மரநாரைப் பிடித்துவைக்கும் பசையைக் கரைத்துவிடும். மரம் பஞ்சாகிவிடும். உலோகம் புத்தம் புதிதாக நிற்கும், அதைத் தாங்கும் பலகை போய்விடும். மரப்படகில் துத்தநாகத்தைத் தேவையான இடத்தில் மட்டும், அளவாகப் போடுங்கள். எல்லாவற்றையும் வயரால் இணைக்க வேண்டாம்.

2021 டிசம்பர் 18

ஆக்லாந்து எல்லையை 15ஆம் தேதி திறந்தார்கள். இன்று விடியற்காலையில் கிளம்பி யார்டுக்குப் போனேன். நான்கு மாதம் கழித்துப் பார்க்கிறேன்.

படகின் வலப்பக்கம் வடக்கைப் பார்த்து நிற்கிறது. இங்கே உச்சிவெயில் வடக்கிலிருந்து அடிக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் தெற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டிவிட்டு வந்திருந்தேன். இடப்பக்கம் இடுக்குகள் மயிரிழைதான். வலப்பக்கம் இரண்டு டாலர் நாணயம் அப்படியே உள்ளே போய் நிற்கிறது. உள்ளே உட்கார்ந்தால் பலகைக்குப் பலகை வெளிச்சக் கோடுகள், கீற்றுக்கொட்டகைக்குள் உட்கார்ந்த மாதிரி.

அந்த இடுக்குகளைப் பார்த்ததும் பருத்தியைத் திணித்து அடைக்கக் கை பரபரத்தது. பக்கத்துப் படகுக்காரர், எழுபது தாண்டியவர், என் கையிலிருந்த கொட்டாப்புளியை வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். காய்ந்து விரிந்த இடுக்கில் இறுக்கி அடித்தால், தண்ணீரில் இறக்கியதும் பலகை உப்பும், பருத்தி இடம் கொடுக்காது, அந்த அழுத்தம் வங்கைப் போய் ஒடிக்கும் என்றார். முதலில் ஈரம். கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, கடல் தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்று, குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்றார்.

2022 பிப்ரவரி 6

ஏழு வாரம் சாக்கு நனைத்தோம். ‘தோம்’ என்று எழுதக் காரணம், இந்த இழையின் முதல் கேள்வியைக் கேட்ட நண்பர் தன் படகையும் இதே யார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வார நாட்களில் என் பக்கத்துக்கும் அவர்தான் தண்ணீர் ஊற்றினார். நாணயம் இப்போது போகவில்லை, அட்டை போகிறது. அடிக்க ஆரம்பிக்கலாம்.

2021 பிப்ரவரி 10இல் முழுவதையும் கிளறி எடுக்கச் சொன்னேன். அதையும் திருத்துகிறேன். கசியாத இடுக்கைத் தொடாதீர்கள். கொக்கியால் கிளறும்போது பலகையின் விளிம்பு சிதையும். விளிம்பு போனால் அடுத்த தடவை பருத்தி நிற்காது, உள்ளே விழுந்துவிடும். என் படகில் பாதிக்கு மேல் பழைய பருத்தி கல் மாதிரி இருந்தது, அப்படியே விட்டேன்.

2022 பிப்ரவரி 20

அடிக்கும் விதம் கேட்டிருந்தீர்கள். இடுக்கின் வாய் வெளியே சற்று விரிந்தும், அடியில் பலகை இரண்டும் ஒட்டியும் இருக்க வேண்டும். பருத்தித் திரியை நேராக நீட்டி வைக்கக் கூடாது. சின்னச் சின்ன மடிப்பாக, பூக்கட்டும்போது நாரை மடித்து விடுகிற மாதிரி, உளியால் குத்தி உள்ளே விட்டுக்கொண்டே போக வேண்டும். இடுக்கு அகலமான இடத்தில் மடிப்பு நெருக்கம், குறுகிய இடத்தில் தளர்வு. பிறகு திரும்பி வந்து கெட்டிப்படுத்த வேண்டும். எவ்வளவு கெட்டி என்று காதுதான் சொல்லும். முதலில் கொட்டாப்புளியின் சத்தம் மந்தமாக இருக்கும். பருத்தி இறுகியதும் சத்தம் மேலே ஏறும், உளி கையில் லேசாகத் துள்ளும். அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் அடித்தால் பலகை வங்கிலிருந்து விலகும்.

என் தாத்தா தூத்துக்குடியில் தோணிகளுக்குக் கலப்பத்து அடித்தவர். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சும் வாசனை அவர் வேட்டியில் எப்போதும் இருக்கும். கரையில் நான்கைந்து பேர் ஒரே தோணியை அடிக்கும்போது, தாத்தா திரும்பிப் பார்க்காமலே "மூணாவது ஆள் அதிகமா அடிக்கிறான்" என்பார். எனக்கு அப்போது எட்டு வயது, மந்திரம் என்று நினைத்தேன். போன சனிக்கிழமை நண்பர் படகின் மறுபக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தார். நான் மக்கு பிசைந்துகொண்டே "போதும், நிறுத்துங்கள்" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் தாத்தா நினைவுக்கு வந்தார். கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

2022 ஏப்ரல் 17

மக்குக்குப் பதிலாக ரப்பர் மாதிரியான டியூப் சீலன்ட் வைக்கலாமா? வைத்துப் பார்த்தேன், நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு அடி நீளத்துக்கு. சாக்கு ஈரத்திலேயே பலகை உப்பி, பற்பசை பிதுங்குகிற மாதிரி அதை வெளியே தள்ளிவிட்டது, பெயின்டும் கூடவே வந்தது. டெக் இடுக்குக்கு அது சரி. கீழே ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த மக்குதான்.

2022 ஆகஸ்ட் 21

"இவ்வளவு பாடுபட்டு ஒழுகுகிற படகிலா சமுத்திரம் தாண்டுவது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபமில்லை, நியாயமான பயம்.

சுஹைலியைப் பாருங்கள். பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில்தான் தனியாக, எங்கும் நிற்காமல் முதன்முதலாக உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22இல் ஃபால்மவுத் திரும்பினார். கிளம்பிக் கொஞ்ச நாளிலேயே அட்லாண்டிக்கில் ஏராவை ஒட்டிய இடுக்கு திறந்துவிட்டது. சுறா கண்ணில் வெள்ளைத் தோல் படக்கூடாது என்று சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். மூச்சை அடக்கி அடக்கி, பருத்தி தைத்த கேன்வாஸ் பட்டையை ஆணியடித்து, மேலே செம்புத் தகட்டை வைத்து மூடினார். நடுக்கடலில் ஆள், உளி, பருத்தி இருந்தால் மரப்படகைச் சரிசெய்துவிடலாம் என்பதால்தான் எனக்கு இதன் மேல் நம்பிக்கை.

இங்கேயே ஜானி ரே இருந்தார். 1930களில் வேலை போனதும், ஹவுராக்கி வளைகுடாக் கரைகளில் ஒதுங்கிக் கிடந்த கௌரித் தடிகளை இழுத்துவந்து நகாட்டகி என்ற படகைக் கட்டிப் பசிபிக் தீவுகளுக்கெல்லாம் போய்வந்தார். நம் பக்கத்தில் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்றினார், வல்வெட்டித்துறைக் கடலோடிகள் பாய்விரித்து ஓட்டிப் போய் 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

2022 நவம்பர் 13

வங்கு. பதினொன்று விரிசல், எல்லாம் வயிறு வளைகிற இடத்தில். விரிந்ததைப் பிடுங்காமல் பக்கத்திலேயே புதிதாக ஒன்றை வளைத்து இறக்குகிறோம். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவியில் வேக வேண்டும். பெட்டியைத் திறந்ததிலிருந்து அரை நிமிடம்தான், அதற்குள் இடத்தில் வைத்து மிதித்து வளைக்க வேண்டும். முதல் இரண்டும் படீரென்று ஒடிந்தன. சூளையில் உலர்த்திய மரம் வாங்கியதுதான் காரணம், அது வளையாது. பச்சை மணம் போகாத மரம் வாங்கிவந்த பிறகு முறுக்கு மாவு மாதிரி போனது.

2023 பிப்ரவரி 19

கேப்ரியல் புயலில் தார்ப்பாய் கிழிந்து பறந்துவிட்டது. இரண்டு நாள் மழை நேராக உள்ளே. யார்டில் யாருக்கும் அடி இல்லை, படகு தாங்குகட்டைகளில் அசையவில்லை. தண்ணீரை இறைத்துவிட்டு, கல்லுப்பு இருபது கிலோ வாங்கி வங்குகளுக்கு நடுவில் கொட்டியிருக்கிறேன். பழைய கப்பல்காரர்கள் செய்தது. நன்னீர் நின்ற இடத்தை உப்பாக்கிவிட வேண்டும்.

2023 அக்டோபர் 15

நேற்று மதியம் 2 மணிக்கு இறக்கினோம். லிஃப்டின் பட்டைகளைக் கழற்றாமல் இரவு முழுக்கத் தொங்கலில் வைக்க யார்டு சம்மதித்தது.

தண்ணீர் தொட்டதும் உள்ளே எட்டு இடத்தில் கண்ணீர்க் கோடு. ஏராவுக்கு அடுத்த பலகையில் மட்டும் குழாய் மாதிரி. பம்ப் தானாக ஓடும், ஒவ்வொரு தடவையும் நண்பர் கரிக்கட்டியால் நேரத்தைக் கேபின் சுவரில் எழுதினார். முதல் மணியில் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை. சாயங்காலம் ஏழு நிமிடம். நள்ளிரவில் பதினெட்டு. நான்கு மணிக்குக் கண்ணசந்துவிட்டேன், விழித்தபோது ஆறரை. பம்ப் பழுதாகிவிட்டதென்று பதறி எழுந்து பலகையைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர், பம்ப்பை ஓடவைக்கும் மிதவையின் கழுத்தில்தான் இருந்தது. சுவரில் கடைசிக் கோடு 5:10. குழாய் மாதிரி வந்த இடத்தில் கைவைத்தேன், ஈரம் இருந்தது, ஓட்டம் இல்லை. மரம் தானாகவே மூடிக்கொண்டது.

2024 ஏப்ரல் 28

ஒரு வாரத்துக்கு ஒரு தடவை பம்ப். கேட்டவர்களுக்கு வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை.

நியூசிலாந்துக் கொடியோடு வெளிநாடு கிளம்பும் படகுக்கு முதல் வகைப் பாதுகாப்புச் சோதனை உண்டு. உயிர்காப்பு மிதவை, 406 மெகாஹெர்ட்ஸில் ஆபத்துச் செய்தி அனுப்பும் அவசரக் கருவி, புயல் பாய், கைப்பம்ப், மருந்துப்பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒரே குறை, சமையல் அடுப்பின் கேஸ் குழாய். மாற்றியாயிற்று. புயல் காலம் ஏப்ரலோடு முடிகிறது, மே பாதியில் நல்ல தென்மேற்குக் காற்றுக்காக ஓபுவாவில் காத்திருப்போம். நண்பரும் வருகிறார். அவர் படகுக்கு இன்னும் ஏரா போல்ட் உருவவில்லை, திரும்பி வந்ததும் முதல் வேலை அது.

2024 ஜூன் 9

டோங்காவின் வவாவு. ஓபுவாவிலிருந்து பதினான்கு நாள், நடுவில் மினெர்வா பவளத்திட்டில் மூன்று நாள் நங்கூரம்.

பம்ப் கணக்கு கேட்பீர்கள், நண்பர் எழுதிவைத்திருக்கிறார். முதல் நான்கு நாள், பக்கவாட்டு அலையில், தினம் ஆறு தடவை. மினெர்வாவுக்குப் பிறகு தினம் இரண்டு. நேற்று நங்கூரம் போட்டதிலிருந்து ஒன்றும் இல்லை. பாய்மர அடியில் டெக்கிலிருந்து மழை சொட்டுகிறது, நண்பர் இப்போது அங்கேதான் கத்தியோடு உட்கார்ந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.